தம்பி படத்தைக் கார்டில் போட்டு விற்கிறார்கள், கேட்க உரிமை உண்டா?

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி கபடி வீரன். பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். போன மாதம் தங்கச்சிமடத்துப் பெட்டிக்கடையில் மிட்டாய்ப் பாக்கெட்டோடு ஒரு கார்டு கொடுத்தார்கள். அதில் அவன் படம்! தேவிபட்டினம் போட்டியில் தொடையைத் தட்டி நிற்கிறான். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஆனால் அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சடித்தவரோ, படம் எடுத்தவரிடம் வாங்கிவிட்டோம் என்கிறார். அப்பா கடலுக்குப் போன காசில்தான் அவன் ஆடக் கற்றான். மனசு ஆறவில்லை.

பதில்: அக்கா, படத்தின் பதிப்புரிமை வேறு, முகத்தின் உரிமை வேறு. 1953-ல் அமெரிக்காவில் ஹேலன், டாப்ஸ் என்ற இரண்டு சூயிங்கம் கம்பெனிகள் பேஸ்பால் வீரர்களின் படங்களுக்காக வழக்காடின. தன் படத்தின் விளம்பர மதிப்பு வீரருக்கே சொந்தம், அதை ஒரே கம்பெனிக்கு மட்டும் கொடுக்கலாம் என்று தீர்ப்பானது. இங்கே 1994-ல் ராஜகோபால் வழக்கில், சம்மதமின்றி ஒருவரின் பெயரையோ உருவத்தையோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்றது உச்ச நீதிமன்றம்.

இன்னொரு பதில்: எதிர்த்தரப்பு 2023 டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டும். கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் கார்டு வழக்கு அது. வீரர்களிடம் உரிமை வாங்கியிருந்த ராரியோ என்ற கம்பெனி கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆனால் அங்கே இருந்தவை வரைந்த உருவங்கள். உங்களுடையது நிஜப் புகைப்படம். கார்டையும் பாக்கெட்டையும் பத்திரமாக வையுங்கள், முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

பதில் சொன்ன தம்பி, சரி. அம்மாவிடம் சொல்லி அந்தக் கார்டை வாங்கிக்கொண்டு நாளைக்கே ராமநாதபுரம் போகிறேன்.