எம்.எஸ்.பி. (மார்ஷியஸ்-ஸ்கார்லெட்-புளூ) சாயம்: ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது வரும் நார்ப்புரதம்) சிவப்பாக வரவில்லை, நீலமும் ஓடிவிடுகிறது

பாம்பன்_லேப்:
கால் தமனியில் எடுத்த ரத்தக்கட்டி. வழக்கமான எச் அண்ட் ஈ சாயத்தில் எல்லாமே இளஞ்சிவப்பு. ஃபைப்ரின் எவ்வளவு, சிவப்பணு எவ்வளவு என்று சர்ஜன் பிரித்துக் கேட்கிறார். எம்.எஸ்.பி. போட்டதில் சிவப்பணு மஞ்சளாக வந்தது, சரி. ஃபைப்ரின் ஆரஞ்சிலேயே நிற்கிறது, மீதைல் புளூ கழுவும்போதே போய்விடுகிறது. கறுப்புப் புள்ளிகள் வேறு. திசுவைப் பதப்படுத்தியது வெறும் பார்மலினில், சீவிய தடிமன் 5 மைக்ரான், கழுவுவது போர் தண்ணியில். எங்கே தப்பு?

மைக்ரோடோம்:
முதல் சந்தேகம் தண்ணிதான். நம்ம கரையோர போர் தண்ணி உப்பும் கடினமும். காரம் ஏறிய தண்ணியில் அமிலச் சாயம் தங்காது. உட்கருச் சாயமான ஹெமட்டாக்சிலினை நீலமாக்க மட்டும் அது அருமையான தண்ணி! மார்ஷியஸ் மஞ்சளில் இருந்து கடைசி வரை டிஸ்டில்டு வாட்டரே வையுங்கள்.

அடுத்தது ஃபிக்ஸேஷன், அதாவது திசுவைப் பதப்படுத்துவது. பார்மலின் மட்டும் பட்ட திசுவில் இந்தச் சாயம் மந்தமாகத்தான் பிடிக்கும். மெழுகு நீக்கிய ஸ்லைடை 56–60 டிகிரி பூவான் கரைசலில் (பிக்ரிக் அமிலம் கலந்த பதப்படுத்தும் திரவம்) ஒரு மணி நேரம் வைத்து, மஞ்சள் போகும்வரை அலசுங்கள். செக்‌ஷன் 3 மைக்ரானுக்கு இறங்கட்டும்.

உட்கருவுக்கு செலஸ்டின் புளூ, ஹீமலம். 95% ஆல்கஹாலில் அலசி, மார்ஷியஸ் மஞ்சள் 2 நிமிடம். கிரிஸ்டல் ஸ்கார்லெட் 10 நிமிடம். பிறகு 1% பாஸ்போடங்ஸ்டிக் அமிலம், சுமார் 5 நிமிடம்: கொலாஜனிலிருந்து சிவப்பு கழன்றதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து நிறுத்துங்கள், கடிகாரத்தை நம்பாதீர்கள். மீதைல் புளூ 10 நிமிடம் வரை. அதற்குப்பின் தண்ணியே காட்டக்கூடாது. 1% அசிட்டிக் அமிலத்தில் ஒரு முக்கு, பிளாட்டிங் தாளில் ஒற்றி, நேராக அப்சல்யூட் ஆல்கஹால், சைலீன், கடைசியில் டி.பி.எக்ஸ். (மூடுகண்ணாடி ஒட்டும் பசை).

ஒன்று: புது ஃபைப்ரின் மஞ்சளடித்தே வரும், முதிர்ந்தது சிவப்பு, மிகப் பழசு நீலத்துக்குச் சாயும். உங்கள் ஆரஞ்சு உண்மையாகவே இளம் கட்டியாகவும் இருக்கலாம். ஃபைப்ரின் படிந்த குடல்வால் அழற்சித் திசுவை ஒப்பிட, கன்ட்ரோலாகக் கூடவே ஓட்டினால் தெரிந்துவிடும்.

தொண்டி_ஹிஸ்டோ:
கறுப்புப் புள்ளி பார்மலின் பிக்மென்ட். பஃபர் (அமிலம் ஏறாமல் காக்கும் உப்பு) இல்லாத பார்மலின் புளித்துப்போய் ஹீமோகுளோபினோடு சேர்ந்து படிவது. ரத்தம் மண்டிய திசுவில் கேட்கவே வேண்டாம். போலரைஸ்டு ஒளியில் மினுங்கும். சாயத்துக்கு முன்னால் ஆல்கஹாலில் செறிவூட்டிய பிக்ரிக் அமிலத்தில் ஓர் இரவு வைத்தால் போய்விடும். பிக்ரிக் பாட்டிலை மட்டும் காயவிடாதீர்கள், காய்ந்தால் வெடிக்கும்.

இனிமேலுக்கு பஃபர் போட்ட பார்மலின் கலவை: பார்மலின் 100 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 900, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம்.

பாம்பன்_லேப்:
நன்றி சார். தட்டணுவும் இதிலேயே தெரியுமா?

மைக்ரோடோம்:
எம்.எஸ்.பி.யில் தனியாகப் பிரியாது தம்பி. கார்ஸ்டேர்ஸ் என்ற வேறொரு சாய முறையில் தட்டணு சாம்பல் நீலம், ஃபைப்ரின் சிவப்பு, சிவப்பணு மஞ்சள். உறுதியாக வேண்டுமென்றால் சி.டி.61 இம்யூனோ (தட்டணுப் புரதத்தை ஆன்டிபாடியால் காட்டும் சோதனை), அதற்கு மெழுகில் பதித்த திசு பிளாக்கை வசதியுள்ள லேபுக்கு அனுப்ப வேண்டியதுதான். அனுப்புமுன் கட்டி நீளவாக்கில் வெட்டிப் பதித்ததா என்று பாருங்கள். ஃபைப்ரினும் சிவப்பணுவும் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஒரு மூலையை மட்டும் வெட்டி விகிதம் சொன்னால் தப்பாகும்.


தொண்டி_ஹிஸ்டோ:
கடல் காத்துக்கு அப்சல்யூட் ஆல்கஹால் ஜாடியை மூடியே வையுங்கள். ஈரம் இழுத்தால் சைலீன் பாலாகிவிடும்.