பாம்பின் பால் அறிதல்: ‘ப்ரோபிங்’குக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

வளர்ப்புப் பாம்புக் கையேட்டின் வரைவில், பாம்பு ஆணா பெண்ணா என்று கம்பி விட்டுப் பார்க்கும் ‘ப்ரோபிங்’ என்பதற்குத் ‘துருவல்’ என்று போட்டிருக்கிறோம். இது அச்சுக்குப் போகக் கூடாது. தேங்காய் துருவுகிற நினைப்போடு யாராவது கம்பியைப் பிடித்தால் பாம்பின் கதி அவ்வளவுதான்.

நடப்பது இது. ஆண் பாம்புக்குப் புணர்ச்சி உறுப்பு இரண்டு. கழற்றிப் போட்ட சட்டையின் கைகள் உள்ளே புரண்டு கிடப்பதுபோல, கழிவாய்க்குப் பின்னே வாலடியில் பக்கத்துக்கு ஒன்றாக உட்புரண்டு கிடக்கும். முனை உருண்ட எஃகுக் கம்பியைக் கழிவாயின் ஓரமாக, நடுக்கோட்டிலிருந்து சற்று விலக்கி, வால் நுனியை நோக்கி விடுகிறோம். ஆண் என்றால் நீளப் போகும். பெண் என்றால் சிறு குழியில் முட்டி நின்றுவிடும். ஆழத்தை மில்லிமீட்டரில் சொல்வதில்லை. வாலடிச் செதில்களை எண்ணிச் சொல்கிறோம். பாம்பு வளர்ந்தாலும் செதில் கூடுவதில்லை என்பதால் குட்டிக்கும் பெரியதற்கும் ஒரே கணக்கு. பந்து மலைப்பாம்பில் பெண்ணுக்குப் பொதுவாக 2 முதல் 4 செதில், ஆணுக்கு 7-க்கு மேல்.

என் பரிந்துரை ‘சலாகை இடல்’. புண்ணின் ஆழம் பார்க்கும் கம்பிக்குச் சித்த மருத்துவத்தில் சலாகை என்றுதான் பெயர்.

மடல் 2

ஐயா, ‘துருவல்’ வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கருவிக்குச் ‘சலாகை’ இருக்கட்டும். வடசொல் என்று ஒருவர் வருவார். வரட்டும், நூற்றாண்டுகளாகப் புழங்கிய சொல். ஆனால் செயலுக்கு ‘இடல்’ சரியில்லை. நுழைப்பதுதான் வேலை என்று ஆகிவிடுகிறது. அளப்பதல்லவா வேலை? ‘ஆழம் பார்த்தல்’ என்றே வைக்கலாமே. தெரியாத தண்ணீரில் கால் வைக்கும் தயக்கம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அத்தியாயத் தலைப்பில் உள்ள ‘பால் நிர்ணயம்’ என்பதையும் மாற்ற வேண்டும். நிர்ணயம் கருவில் நடப்பது: கார்ன் ஸ்நேக்கில் இசட்-டபிள்யூ குரோமோசோம், பந்து மலைப்பாம்பில் எக்ஸ்-ஒய். நாம் செய்வது ‘பால் அறிதல்’.

மடல் 3

‘ஆழம் பார்த்தல்’ எனக்கும் சம்மதம். ஆனால் பதிவில் வெறும் எண்ணோடு நிறுத்தக் கூடாது. எண் இரண்டு வழியிலும் ஏமாற்றும். அழுத்தினால் பெண்ணின் குழிச்சுவர் கிழிந்து கம்பி மேற்கொண்டு போகும், ‘8 செதில், ஆண்’ என்று எழுதிவிடுவோம். ஆண் தசையை இறுக்கிக்கொண்டால் கம்பி 3 செதிலில் நிற்கும், ‘பெண்’ என்று எழுதிவிடுவோம். முன்னது பாம்புக்குக் காயம், பின்னது நமக்கு அசடு. மெல்லிய கம்பிதான் பத்திரம் என்பதும் தப்பு. அது ஊசி மாதிரி குத்தும். தடையில்லாமல் போகிற அளவுகளில் பருத்ததை எடுக்க வேண்டும்.

வரைவில் விடுபட்டவை: இரை தின்று இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கக்கிவிடும். சட்டை உரிக்கும் தறுவாயில் தொடக் கூடாது. ஒருவர் உடலைத் தாங்க, மற்றவர் வாலைப் பிடிக்க வேண்டும். சலாகையைக் குளோர்ஹெக்சிடினில் ஊறவைத்து, நன்றாக அலசி, நீர்சார்ந்த ஜெல்லி தடவ வேண்டும். எண்ணெய் கூடாது. கழிவாய்ச் செதிலைக் கட்டைவிரலால் மெல்ல விலக்கி, சலாகையை இரு விரலிடையே திரித்தபடி, அதன் எடையே அதை இறக்குவதுபோல விட வேண்டும். ரப்பரில் மோதியதுபோல் மெத்தென்று ஒரு தடை தெரியும். அங்கே நிறுத்துங்கள். கழிவாய் விளிம்பில் நகத்தால் சலாகையைப் பிடித்தபடி வெளியே எடுத்து, வாலடியில் வைத்துச் செதிலை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். 5, 6 என்று நடுவில் வந்தால் பாலை எழுதாமல் விட்டு இன்னொரு நாள் பாருங்கள். இரத்தம் கண்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

அடுத்தது, பால் அறியும் இன்னொரு முறையான ‘பாப்பிங்’. வரைவில் ‘பிதுக்கல்’. மொச்சையைத் தோலிலிருந்து பிதுக்குவதுபோல் உறுப்பு வெளியே வருவதால் சொல் பொருத்தமாகத் தோன்றும். கை செய்கிற வேலை அதுவல்ல. கழிவாய்க்குச் சில செதில் பின்னே, வாலடியில் கட்டைவிரலை வைத்து, கழிவாயை நோக்கி மெல்ல உருட்டுகிறோம். பிதுக்கினால் முதுகெலும்பு நசுங்கும்.

மடல் 2-ஐ எழுதியவர்

அப்படியானால் ‘நீவிப் பார்த்தல்’? சுளுக்கு நீவுகிற கை யாருக்கும் தெரியும். எவ்வளவு அழுத்தம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மடல் 3-ஐ எழுதியவர்

சரியம்மா, அதையே எடுத்துக்கொள்வோம். பதிவில் சில வரி சேர்க்கிறேன். இது முட்டையிலிருந்து வந்த புதுக் குட்டிகளுக்கே. வளர்ந்த பாம்பின் வால்தசை விட்டுக்கொடுக்காது. உறுப்பு வெளிவந்தால் ஆண். வராவிட்டால் பெண் என்று சொல்லிவிட முடியாது. பெண்ணில் மணச்சுரப்பி வாய்கள் இரண்டு சிவந்த புள்ளிகளாகத் தெரியும், அதைச் சின்ன ஆணுறுப்பு என்று எண்ணி ஏமாறுவார்கள். பச்சை மர மலைப்பாம்புக் குட்டியை நீவவே கூடாது, வால் கோணிவிடும்.

மடல் 1-ஐ எழுதியவர்

இரண்டும் முடிந்தன. ஆண் பாம்பின் அந்த இரட்டை உறுப்புக்கான ‘ஹெமிபீனிஸ்’ தான் சங்கடம். வரைவில் ‘அரை ஆண்குறி’. ‘ஹெமி’ என்றால் அரை என்பதால் யாரோ அப்படியே எழுதிவிட்டார்கள். ஒவ்வொன்றும் முழு உறுப்பு. புணர்ச்சியில் ஒரு சமயம் ஒன்றுதான் வேலை செய்கிறது. ‘அரை’ பொய். ‘இணைக்குறி’ என்கிறேன்.

ஆணுக்கு மட்டும் சொல் வைத்தால் பாதியில் நிற்போம் என்பதையும் கவனியுங்கள். பெண் பாம்புகளுக்கும் வாலடியில் இரட்டைக் கந்து (கிளிட்டோரிஸ்) உண்டு என்று 2022-இல் 9 இனங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆகவே ‘ஆண் இணைக்குறி’, ‘பெண் இணைக்கந்து’.

மடல் 2-ஐ எழுதியவர்

‘கந்து’ நல்ல சொல்தான், ஆனால் படிப்பவர் எவ்வளவு பேருக்குத் தெரியும்? முதல் முறை வருமிடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள். இணைக்குறி இருக்கட்டும்.

மடல் 3-ஐ எழுதியவர்

எனக்கும் சரி. ஒரு திருத்தம் மட்டும்: 4-ஆம் படியில் ‘சலாகையை மெதுவாகச் செருகவும்’ என்று இருக்கிறது. ‘செருகவும்’ என்பதை எடுத்துவிட்டு ‘விடவும்’ என்று மாற்றுங்கள். படத்தில் சலாகை நடுக்கோட்டில் வரையப்பட்டிருக்கிறது, அதையும் ஓரத்துக்கு நகர்த்த வேண்டும்.