மழை பெய்ஞ்சா எனக்கு சுகர் குறையுது

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுதான் எனக்கு வேலை. வயசு 47. சுகர் வந்து நாலு வருசம். வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சிரும், அதனால ராத்திரி 2 மணிக்கே தலையில லைட்டைக் கட்டிட்டு இறங்கணும். படுக்கும்போ மணி 11 ஆகும்.

மரச்சீனிக் கிழங்கை விட்டாச்சு. கட்டன்சாயாவுல சீனி கிடையாது. மாத்திரையும் தப்பாது. ஆனாலும் வெறும் வயித்துல 160-க்கு கீழ இறங்கினதே இல்ல. டாக்டர் என்ன திங்கீருன்னு துருவித் துருவி கேப்பாரு. எத்தனை மணிக்கு உறங்குவீருன்னு ஒருநாளும் கேட்டதில்ல.

மரத்தை வெட்டிப்போட்டு, பால் எடுக்கதுக்கு முந்தி வீட்டுக்கு வந்து 6 மணிக்கு விரலைக் குத்திப் பாத்து காலண்டர்ல எழுதுவேன். போன ஆனி மழையில அஞ்சு நாள் வெட்டு இல்ல. மூணாம் நாள் 139, அஞ்சாம் நாள் 131. சும்மா கிடந்தா ஏறத்தானே செய்யணும்? மிஷின் கேடாயிட்டுன்னு புது ஸ்ட்ரிப் வாங்கினேன். மழை விட்டு வெட்டுக்குப் போனதும் பழையபடி 164.

நர்சிங் படிக்க மகதான் சொன்னா: உறக்கம் கெட்டா கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் கூடும், இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேக்காது. சிகாகோ பல்கலைக்கழகத்துல 11 வாலிபப் பிள்ளைகளை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பாத்திருக்காங்க. 1999-ல வந்த ஆராய்ச்சி. சுகரே இல்லாத அவங்களுக்கும் சர்க்கரையைச் சமாளிக்க உடம்பு திணறிச்சாம். நான் 20 வருசமா அந்த ஆராய்ச்சியிலதான் கிடக்கேன்!

*

அண்ணே, நான் குளச்சல். எங்க வீட்டுக்காரரு எட்டு மணி நேரம் உறங்குவாரு, ஆனா குறட்டையில ஓடு பறக்கும். இடையில மூச்சு நின்னு திணறி எழும்புவாரு. நாகர்கோவில்ல ஒரு ராத்திரி படுக்க வச்சுப் பாத்து மூச்சடைப்புன்னு சொன்னாங்க. இப்ப முகத்துல காத்தடிக்க மாஸ்க் மாட்டித்தான் உறக்கம். சுகர் பெருசா இறங்கல, உள்ளதைச் சொல்லணும்லா. ஆனா பகல்ல தூங்கி வழியிறது நின்னு, சாயங்காலம் கடற்கரையில நடக்காரு.

*

மார்த்தாண்டத்துல இருந்து. இன்சுலின் போடுறவங்க நடுராத்திரி வேர்த்து, நெஞ்சு படபடன்னு முழிச்சா உறக்கக் கேடுன்னு விட்டுராதீங்க. உடனே குத்திப் பாருங்க. எனக்கு அப்படி ஒருநாள் சுகர் ரொம்ப இறங்கி 54 காட்டிச்சு.

*

அக்கா, குறட்டை விசயம் எனக்கும் உண்டு, கேட்டுப் பாக்கேன். இப்ப எட்டு மணிக்கே படுத்திருதேன். 148, 145-ன்னு நிக்குது. ஆனா எட்டு மணிக்குத்தான் வீட்டுல சீரியல். சத்தத்தைக் குறைன்னா, வீட்டுக்காரி "எனக்கு பிரஷர் ஏறும்"ங்கா.