கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்: எலினாரின் மௌனம் சௌம்யாவிடம் இருக்கிறதா?

மழைக்குருவி: 2000-ல் ராஜீவ் மேனன் இயக்கிய இந்தப் படம் ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) நாவலைத் தழுவியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் கதையின் அக்கா தங்கையில் மூத்தவளை (நாவலில் எலினார், படத்தில் சௌம்யா) படம் கைவிட்டுவிட்டது என்பது என் கட்சி. நாவலில் எலினார் விரும்பும் எட்வர்டுக்கு லூசி என்பவளோடு ஏற்கெனவே ரகசியமாக நிச்சயம் ஆகியிருக்கிறது. அந்த லூசியே வந்து அதைச் சொல்லி, வெளியே விடக்கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொள்கிறாள். எலினார் நாலு மாதம் பெற்ற தாயிடம்கூட வாய் திறக்காமல் தங்கையைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். படத்திலோ சௌம்யாவை விரும்பும் மனோகர் முதல் படம் எடுத்துவிட்டுத்தான் கல்யாணம் என்கிறார், சௌம்யா காத்திருக்கிறாள். லூசிக்குப் பதில் மனோகரையும் ஒரு நடிகையையும் பற்றிய கிசுகிசு. அவ்வளவுதான்.

தாழ்வாரம்: அவ்வளவுதானா அக்கா? "ராசியில்லாதவள்" என்ற சொல்லை விட்டுவிட்டீர்களே! நிச்சயித்த மாப்பிள்ளை இறந்துபோனதற்கு அவள்மேல் பழி. நம் வீடுகளில் ஒரு பெண்ணின் வாயை அடைக்க அந்த ஒரு சொல் போதும். என் சித்தி அதைக் கேட்டே வளர்ந்தார். விசேஷ வீட்டில் முன்வரிசைக்கு வரவே மாட்டார், சமையல்கட்டு வாசலிலேயே நிற்பார். சௌம்யாவாக வரும் தபு அந்தப் பெரிய வீட்டில் நடமாடும்போது எனக்கு அவர் ஞாபகம்தான். ரகசிய நிச்சயதார்த்தத்தை அப்படியே கொண்டுவந்திருந்தால் இங்கே ஒட்டியிருக்காது.

மழைக்குருவி: சித்தியைப் பற்றிச் சொன்னது மனசைத் தொட்டது. ஆனால் அது ஊர் போட்ட வாய்ப்பூட்டு, தம்பி. எலினார் கொடுத்த வாக்குக்காகத் தானாகவே வாயைப் பூட்டிக்கொள்கிறாள். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

பாட்டுப்பித்தன்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 'என்ன சொல்லப் போகிறாய்' பாட்டைக் கவனித்தீர்களா? தலைப்பே பேசாதவளிடம் கேட்கும் கேள்வி. சங்கர் மகாதேவனுக்கு தேசிய விருது வாங்கித்தந்த அந்தக் குரலில் கோபம் கிடையாது, கெஞ்சல்தான். அவள் மௌனத்தைச் சுற்றியே ரஹ்மான் மெட்டுக் கட்டியிருக்கிறார்.

மழைக்குருவி: கெஞ்சுவது அவன்தானே. நாவலில் எட்வர்டு இன்னும் மணமாகாதவன் என்று தெரிந்ததும் எலினார் அறையைவிட்டு ஓடி, கதவு சாத்தியபின்தான் வெடித்து அழுகிறாள். அந்தச் சாத்திய கதவுதான் எனக்கு வேண்டும். பாட்டு எகிப்து பிரமிடுகள்வரை போகிறது, எனக்கு அவள் அறை போதும்.

தாழ்வாரம்: அந்த அறைதான் அவர்களுக்கு இல்லையே அக்கா! தாத்தாவின் உயில் வீட்டை மகனுக்கு எழுதிவிட்டது. சென்னைக்கு வந்து வேலை தேடுபவள் சாத்திக்கொண்டு அழக் கதவு எங்கே இருக்கிறது?

மழைக்குருவி: இதை நான் யோசிக்கவில்லை. சென்னைக் காட்சிகளை மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன். லூசி விஷயத்தில் மட்டும் மாற மாட்டேன்.