மறு: ‘பூல்டு கியூசி’க்குத் தமிழ்ச்சொல்: சமக்கலவை?

நண்பர்களுக்கு வணக்கம். ‘பூல்டு கியூசி’ (pooled QC) என்பது, ஆய்வுக்கு வந்த மாதிரிகளையே கலந்து, கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இடையிடையே ஏற்றும் கலவை. அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘கதம்ப மாதிரி’ என்று வைக்கலாமே. மதுரையில் யாரிடம் சொன்னாலும் புரியும்.

புரியும், அழகான சொல்லும்கூட. ஆனால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வாங்கும் கதம்பத்தில் மரு வேறு, கனகாம்பரம் வேறு என்று கண்ணுக்குத் தெரிகிறது. நாம் பேர் தேடுவதில் எது யாருடைய ரத்தம் என்று பிரிக்கவே முடியாது.

இங்கே பயோடெக்னாலஜி படிக்கும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். அதனால் இந்தச் சொல் எனக்கு அவசரமாகவே தேவை.

நூறு பேரின் ரத்தப் பிளாஸ்மாவை, மூலக்கூறுகளை நிறையை வைத்து அளக்கும் நிறை நிறமாலைமானியில் (mass spectrometer) ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாள்கணக்கில் ஓடும். அதற்குள், மூலக்கூறுகளை மின்னூட்டம் கொண்ட அயனிகளாக்கும் பகுதியான அயனி மூலத்தில் அழுக்கு படியும், சிக்னல் மெல்ல இறங்கும். சர்க்கரை நோயாளிகளை முதலிலும் மற்றவர்களைக் கடைசியிலும் ஓட்டினால், கருவியின் தளர்ச்சியே நோயின் அடையாளம் போலத் தெரியும். அதனால்தான் வரிசையைக் குலுக்கிப் போடுகிறோம். அப்புறம், எல்லா மாதிரியிலிருந்தும் ஒரே அளவு எடுத்துக் கலந்து, 5 முதல் 10 மாதிரிகளுக்கு ஒரு தடவை அந்தக் கலவையை ஏற்றுகிறோம். ஒரே கலவை என்பதால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வர வேண்டும். அதில் மாறுபாட்டுக் கெழு (சராசரியோடு ஒப்பிட்ட சிதறல்) 30 சதவீதத்தைத் தாண்டும் முகடுகளை, அதாவது சிக்னல் உச்சங்களைப், பொதுவாகக் கழித்துவிடுவார்கள்.

இந்தக் கலவைக்குப் பதில், தெரிந்த அளவில் தூய பொருளைக் கரைத்த திட்டக்கரைசல் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. பிளாஸ்மாவில் ஆல்புமின் என்ற புரதம் மில்லிலிட்டருக்கு 35–50 மில்லிகிராம். இன்டர்லியூக்கின்-6 என்ற இன்னொரு புரதம் ஆரோக்கியமானவர்களிடம் சில பிகோகிராம்தான் (ஒரு பிகோகிராம் என்பது மில்லிகிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). இப்படிப்பட்ட நெரிசலில் ஒரு மூலக்கூறு அயனியாவதை இன்னொன்று அமுக்கும். தூய கரைசலில் அந்த நெரிசலே கிடையாது.

‘தரக்கட்டுப்பாட்டு மாதிரி’ என்பது மிக அகலம். ரத்தமே சேர்க்காத வெற்று மாதிரியும் திட்டக்கரைசலும் அதற்குள் வந்துவிடும். ‘திரட்டு மாதிரி’ எனக்கும் பிடித்ததுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் ரத்தம் சேகரிப்பதை ‘மாதிரி திரட்டல்’ என்கிறோம். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் மாணவர் திணறுவார்.

என் பரிந்துரை ‘சமக்கலவை’. எப்படிச் செய்தது என்பதைப் பெயரே சொல்கிறது. மாதிரி போதாமல் சிலரிடமிருந்து மட்டும் எடுத்துக் கலந்தாலும் பெயர் பொருந்தும். ‘சமகாலம்’ போல ஒற்று மிகாமல் ‘சமகலவை’ என்று எழுத வேண்டும் என்பவர்கள், ஒற்று மிகும் ‘சமச்சீர்’ என்பதையும் பாருங்கள். ‘க்’ இருந்தால்தான் வாய்க்கு வருகிறது.

சரி, அடுத்தது ‘ட்ரிஃப்ட்’ (drift), அதாவது ஓட ஓட சிக்னல் மெல்ல மாறிக்கொண்டே போவது. ‘சரிவு’ வேண்டாம், சிக்னல் சில சமயம் ஏறவும் செய்யும். ‘விலகல்’ புள்ளியியலுக்குப் போய்விட்டது. ‘நகர்வு’ என்று வைத்தால் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?