கரண்ட் கிரில்லா, வார்ப்பு இரும்புக் கல்லா?

மன்னார்குடி பக்கம் கிராமம். 2000 வாட் எலக்ட்ரிக் கிரில் வாங்கி 4 மாசம் ஆச்சு. சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கிடுது. விரால் துண்டு வறுபடாம, தண்ணி விட்டு அவிஞ்சு கிடக்கு. 16 ஆம்ப் பிளக்குக்கு மாத்தியாச்சு, துண்டையும் குறைச்சுப் போட்டாச்சு. ஸ்டெபிலைசர்னா 3 கேவிஏ வேணுமாம், அந்தக் காசுக்கு மனசு வரல.

பரண்ல இருந்த மாமியாரோட 12 இஞ்ச் வார்ப்பு இரும்புக் கல்லை எடுத்தேன். 3 நாள் கழனித்தண்ணில ஊறவச்சு, நல்லெண்ணெய் தடவி, வெங்காயம் தேச்சாச்சு. ஓரத்துல அழகா வருது. நடுவுல மட்டும் தோலும் மசாலாவும் கல்லோட போயிடுது, கறுப்புப் பிசுக்கு வேற. கேஸ் அடுப்புல சின்ன பர்னர்தான். "கல்லு பழகணும்"ங்கிறாங்க அத்தை, எத்தனை மாசம்னு சொல்லல.

நம்ம டெல்டா கரண்டுல சமைக்கிறவங்க சொல்லுங்க: கிரில்லுக்கு ஸ்டெபிலைசர் வாங்கலாமா, இல்ல கல்லையே பழக்கிக்கலாமா?