டிசம்பர் கடைசியில் தேவரியாதால், சோப்தா: சொந்த டென்ட், வாடகை பேக், கேஸ் அடுப்பு போதுமா?

மயூர்விஹார்வாசி:

வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் டெல்லியிலிருந்து நாலு பேர் (பெரியவங்க மூணு, 11 வயசுப் பையன் ஒருத்தன்) உத்தராகண்ட் மலையில சாரி கிராமம், தேவரியாதால் ஏரி, சோப்தா, முடிஞ்சா சந்திரசிலா சிகரம் வரைக்கும் போறதா திட்டம். முதல் ராத்திரி சாரியில, ரெண்டு ராத்திரி டென்ட், மீதி ஹோம்ஸ்டே. டென்ட் கையில இருக்கு, நாலு பேர் படுக்கிற டோம், மேலுறை தண்ணி தாங்குற அளவு 2000 மி.மீ.ன்னு போட்டிருக்கு. ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுக்கணும், 'மைனஸ் 10'ன்னு சீட்டு ஒட்டியிருக்காங்க. அடுப்பு, நீளமான கேன் படுக்க வெச்சு மாட்டுற பெட்டி அடுப்பு. இதெல்லாம் தாங்குமா? நல்ல விலையில வேற டென்ட் வாங்கிடலாமான்னு வீட்டில பேச்சு.

சுக்குக்காபி:

டென்ட்டை மாத்தாதீங்க. அந்த உயரத்துல டிசம்பர்ல வர்றது பெரும்பாலும் பனிதான், அடைமழை இல்லை. 2000 மி.மீ. தாராளம். அந்தக் காசைக் கீழே விரிக்கிற பாயில போடுங்க. குளிர் மேலேயிருந்து வரும்னு நினைச்சு எல்லாரும் பேக்குக்குச் செலவு பண்றாங்க. படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கிற பஞ்சு நசுங்கிடும், அதுல காத்து நிக்காது, உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிடும். மைனஸ் 20 பேக்கா இருந்தாலும் இதுதான் கதி.

பாய் குளிரை எவ்வளவு தடுக்கும்னு காட்ட 'ஆர் வேல்யூ'ன்னு ஒரு எண் உண்டு. ராத்திரி மைனஸ் 5 வரை போகும்னு வெச்சுக்கிட்டா 4 பக்கத்துல வேணும். சாதாரண ஃபோம் பாய் 2க்கு மேல தாண்டாது, யோகா மேட் அதுலயும் பாதி. ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ரெண்டு எண்ணும் கூடும், அதனால ஃபோம் ஒண்ணு, அது மேல காத்துப் பாய் ஒண்ணு. ஃபோம் கீழேதான் இருக்கணும். முள்ளு குத்தாது, காத்து இறங்கினாலும் அது மிஞ்சும். காத்துப் பாயை வாயால ஊதாதீங்க, மூச்சோட ஈரம் உள்ளே போய்த் தங்கும்.

பேக் விஷயம். ஒழுங்கான பேக்குல மூணு எண் அச்சடிச்சிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். நீங்க பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும். எக்ஸ்ட்ரீம்னா அந்தக் குளிர்ல உயிர் தப்பலாம், அவ்வளவுதான், தூங்க முடியாது. சீட்டுல ஒரே ஒரு எண் இருந்தா அது எக்ஸ்ட்ரீம்னே எடுத்துக்குங்க. அப்படிப்பட்ட 'மைனஸ் 10' பேக்குல நிம்மதியாத் தூங்குற குளிர் பூஜ்யத்துக்கு மேலேயே நின்னுடும். வாடகைக் கடையில பேக்கை விரிச்சு, லைட்டுக்கு எதிரா தூக்கிப் பாருங்க. பஞ்சு கட்டி கட்டியா ஒதுங்கி நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா வேற கேளுங்க. ஜிப்புக்கு உள்பக்கம் நீளத்துக்கும் ஒரு குழாய் மாதிரித் தடுப்பு இருக்கணும். பையனுக்குப் பெரியவங்க பேக் கொடுத்தா கால்மாட்டுல மிச்சமிருக்கிற இடத்தை மடிச்சு பெல்ட்டால கட்டிடுங்க. காலி இடத்தைச் சூடாக்கியே அவன் உடம்பு ஓய்ஞ்சிடும்.

டென்ட் ஜன்னலை மட்டும் இழுத்துப் பூட்டிடாதீங்க. நாலு பேர் மூச்சு உள்ளே உறைஞ்சு, வெயில் ஏறினதும் பேக் மேல சொட்டும். மேல இருக்கிற ரெண்டு காத்துவழியும் ராத்திரி பூரா திறந்திருக்கணும்.

நீலச்சுடர்:

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் வழிமொழிகிறேன். அடுப்பைப் பற்றி நான்.

நீளக் கேனில் இருப்பது பெரும்பாலும் வெறும் பியூட்டேன். அது ஆவியாவதே மைனஸ் 0.5 டிகிரிக்கு மேலேதான். காலையில் கேன் மைனஸ் 3ல் கிடந்தால் குலுக்கினால் உள்ளே திரவம் தளும்பும், குமிழைத் திருகினால் ஒன்றும் வராது. அடுப்பு பழுது என்று நினைத்துப் பலர் கழற்றிப் பார்ப்பார்கள். கேனை நெருப்பில் காட்டுகிறவர்களும் உண்டு, அது வெடிகுண்டு.

திருகி மாட்டும் குட்டையான கேனும் அதற்கேற்ற அடுப்பும் வாங்குங்கள். அதில் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை, புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். கேனின் பக்கவாட்டில் கலவை அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள், குட்டையாக இருப்பதெல்லாம் கலவை அல்ல. இரவில் கேனைப் பேக்குக்குள் கால்மாட்டில் போட்டுக்கொண்டால் காலையில் சண்டித்தனம் செய்யாது.

கணக்கு இப்படி. காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 15 கிராம் கேஸ். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் வென்னீர் என்றால் நால்வருக்கு 120 கிராம், சமையலுக்கு இன்னொரு 40, 50. இரண்டு நாளுக்கு 230 கிராம் கேன் இரண்டு. காற்றடித்தால் இரட்டிப்பாகும், பனியை உருக்கினாலும் அப்படியே. ஆகவே மூன்றாவது ஒன்று. காற்றுத் தடுப்புத் தகடு வைப்பவர்கள் அடுப்பை முழுதாகச் சுற்றி மூடக்கூடாது, கேன் சூடேறிவிடும். காற்று வரும் பக்கம் மட்டும்.

டென்ட்டுக்குள் அடுப்பு கூடாது, வாசல் மடிப்பில்கூட வேண்டாம். அங்கீட்டியும் (கரி அடுப்பு) கூடாது. மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் செய்தி டெல்லிப் பேப்பரில் ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

மயூர்விஹார்வாசி:

ரொம்ப நன்றி. கேனை ரயில்ல கொண்டுபோகலாமா? இன்னொண்ணு, மூணு லிட்டர் குக்கர் ஒண்ணு தூக்கிட்டுப் போனா பருப்பு சாதம் ஆகுமா?

நீலச்சுடர்:

ரயிலில் கூடாது, விமானத்தில் எந்தப் பையிலும் கூடாது. ரிஷிகேஷில் ட்ரெக்கிங் சாமான் விற்கும் கடைகளில் கேன் கிடைக்கும். அங்கேயே வாங்கி, கடையிலேயே திருகி மாட்டும் அடுப்பில் மாட்டி, பற்றவைத்துப் பார்த்து எடுங்கள். பெட்டி அடுப்பு வீட்டிலேயே இருக்கட்டும், அதில் குட்டைக் கேன் மாட்டாது.

ஆர்.கே.புரம் அடுக்களை:

குக்கர் இல்லாம பருப்பு வேகாது. தேவரியாதால் இருக்கிற 2,400 மீட்டர்ல தண்ணி 92 டிகிரியிலேயே கொதிச்சிடும், சோப்தாவில இன்னும் ஒரு டிகிரி குறையும். கொதிக்குதேன்னு பார்த்தா மணிக்கணக்கா பருப்பு முழிச்சுக்கிட்டே இருக்கும், கேஸ் தீரும். குக்கரைத் தூக்கணும்னா பாசிப்பருப்பு போதும், துவரை வேண்டாம். ஆனா ரெண்டு ராத்திரிக்குக் குக்கரே எதுக்கு? உப்புமாவும் அவலும் போதும்னு என் கட்சி.

ரவை கலவையை வீட்டிலேயே பண்ணிடுங்க. ஒரு கப் ரவைக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் நெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை. கறிவேப்பிலை நொறுங்குற அளவுக்குத் தாளிக்கணும், ஈரம் இருந்தா கலவை கெட்டுடும். அதே காரணத்துக்காக வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி எதுவும் கூடாது, இஞ்சிக்குப் பதில் கால் ஸ்பூன் சுக்குப்பொடி. ரவையை அதிலேயே வாசனை வர வறுத்து, முக்கால் ஸ்பூன் உப்பு சேர்த்து, முழுசா ஆறினப்புறம் ஜிப் கவர்ல போடுங்க. அங்கே ரெண்டரை கப் தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது ஒரு கப் கலவையைத் தூவிக் கிளறி, அரை நிமிஷத்துல அடுப்பை அணைச்சு, மூடி, பாத்திரத்தைத் துண்டால சுத்தி ஏழு நிமிஷம் வெச்சிடுங்க. ரவைக்கு 100 டிகிரி தேவையே இல்லை. கேஸ் மிச்சம், அடிப்பிடிக்கிற பாத்திரத்தைப் பச்சைத்தண்ணியில தேய்க்கிற வேலையும் மிச்சம்.

தேங்காய் எண்ணெய் எடுத்துட்டுப் போகாதீங்க, கல்லாயிடும். தலைக்கும் சரி, வாய்க்கும் சரி, நல்லெண்ணெய். குடிதண்ணி பாட்டிலை ராத்திரி தலைகீழா நிறுத்தி வையுங்க, பனிக்கட்டி மேலேதான் முதல்ல கட்டும், காலையில மூடிப் பக்கம் திறந்துக்கும்.

சுக்குக்காபி:

பாட்டில் பேச்சு வந்ததால ஒண்ணு. படுக்கும்போது வென்னீர் பாட்டிலைப் பேக்குக்குள்ள வைக்கிறதுண்டு. தடித்த பிளாஸ்டிக், இறுக்கமான மூடி, மேல ஒரு சாக்ஸ். சாதாரணக் குடிதண்ணி பாட்டில் வென்னீர்ல சுருங்கி ஒழுகிடும். ஃபிளாஸ்க் வேலைக்காகாது, சூட்டை வெளியே விடாதே.

டென்ட்டை ஒருதரம் மொட்டை மாடியில போட்டுப் பழகுங்க, கையுறையோட. டென்ட்டோட வர்ற கம்பி ஆணி உறைஞ்ச மண்ணுல வளைஞ்சிடும். ஹார்டுவேர் கடையில 20 செ.மீ. இரும்பு ஆணி எட்டு வாங்கிக்குங்க. பனி கிடந்தா ஆணி நிக்காது, துணிப்பையில பனியை அடைச்சு, நடுவுல கயிறு கட்டி, ஒரு அடி ஆழத்துல புதைச்சு மிதிச்சு, அரைமணி விட்டப்புறம் இழுத்துக் கட்டணும். டென்ட் போடறதுக்கு முன்னாடி தரைப் பனியையும் மிதிச்சுச் சமமாக்குங்க. இல்லேன்னா ராத்திரி உடம்புச் சூட்டுல அவங்கவங்க முதுகு அளவுக்குக் குழி விழும், அது விடியும்போது ஐஸா இறுகியிருக்கும்.

பனிமூட்டம்:

எங்கே டென்ட் போடப்போறீங்க என்பதை யாரும் கேட்கவில்லையே. புக்யால் எனப்படும் மலைப்புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018ல் தடை போட்டது. சோப்தா சுற்றுவட்டாரம் கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்தில் வருகிறது. சாரியில் இறங்கியதும் வனத்துறைச் சாவடியில் எங்கே அனுமதி என்று கேட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். ஏரிக்கரையை ஒட்டி அனுமதி கிடைத்தாலும் வேண்டாம். குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும், சற்று மேடான இடமே கதகதப்பு.

வண்டி சோப்தாவுக்கு முன்னாலுள்ள துக்கல்பிட்டாவிலேயே பனியால் நின்றுவிடலாம். மீதியை மூட்டையோடு நடக்க வேண்டும், அதற்கு அரைநாள் ஒதுக்குங்கள். டிசம்பர் கடைசியில் டெல்லிப் பக்கம் மூடுபனியால் ரயில் தாமதமாகும். மலைப்பாதையில் பொது வண்டிகள் இரவில் ஓடாது, ரிஷிகேஷுக்கு மதியம் போய்ச் சேர்ந்தால் அன்று சாரிக்கு முன்னால் வரும் உகிமட் ஊரை எட்டுவது கஷ்டம். சந்திரசிலா போகும் வழியிலுள்ள துங்கநாத் கோயில் அப்போது நடை சாத்தியிருக்கும், உற்சவமூர்த்தி மக்குமட் கிராமத்துக்குப் போய்விடுவார்.

பையனுக்கு: டெல்லி சுமார் 215 மீட்டர், சந்திரசிலா ஏறத்தாழ 4,000. முதல் இரவு சாரியில் தங்குவது நல்ல முடிவு, அதை மாற்ற வேண்டாம். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் மாத்திரை கொடுத்து மேலே அழைத்துப் போகக்கூடாது, அன்றே இறக்கிவிடுங்கள். டயாமாக்ஸ் (உயரத்தால் வரும் நோய்க்கான மாத்திரை) பற்றி யோசிப்பதானால் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். துங்கநாத்துக்கு மேல் பாதை கண்ணாடியாக உறைந்திருக்கும், ஷூவில் மாட்டும் முள்சங்கிலி நால்வருக்கும் வேண்டும். வாடகைக்கு எடுத்தால் பையன் கால் அளவுக்கு இருக்கிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள், பெரிய சைஸ் நடக்க நடக்கக் கழன்று பக்கவாட்டில் சுழன்றுவிடும்.